தட்டைமீனின் வாழ்வும் கடலில் இட்ட கோடும்

 

மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் மீனைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் உங்களுள் சிலர்க்கு எழக்கூடும். நமக்கும் முதலில் எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தவர் ஜெராம் மீன் இறங்குதுறையில் நாம் கண்ட ஒரு மூதாட்டி. படகுகள் கரை திரும்பும் காலை வேளை பார்த்து, மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றிருந்தோம். கூடை ஒன்றில் இறாலுக்கும் சிறுமீனுக்கும் இடையே, பழுத்த மாவிலையைப் போலத் தட்டையாக ஒரு மீன் கிடந்தது. மாணவன் ஒருவன் அதை வாலைப் பிடித்துத் தூக்கி, "ஐயா, இதன் பெயர் என்ன?" என்று கேட்டான். விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரர், "ஈக்கான் லிடா" என்றார். லிடா என்றால் நாக்கு. "தமிழில் என்ன, ஐயா?" என்று அவன் மீண்டும் கேட்டபோது நாம் சற்றே தடுமாறினோம். அருகில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மூதாட்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "நாக்கு மீனுப்பா. இதுலயே பெருசா, பல்லோட ஒண்ணு வரும். அத எங்கம்மா எருமை நாக்குன்னு சொல்லுவாங்க."

அவர் சொன்ன அந்த இரண்டாம் பெயர் உலகெங்கும் உள்ள விலங்கியலாரின் ஏடுகளில் இருக்கிறது. அம்மீனின் அறிவியற் பெயர் செட்டோடெஸ் எருமெய். அதில் உள்ள எருமெய், நம் எருமைதான். பெர்லின் நகரில் மருத்துவராக வாழ்ந்து மீனியலில் பெரும்புகழ் பெற்ற மார்க்கஸ் எலியேசர் புளோக் 1799-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியை ஷ்னைடர் என்னும் அறிஞர் முடித்து, 1801-இல் மீன்களின் தொகைநூலாக வெளியிட்டார். எருமை நாக்கு அந்நூலில்தான் இப்பெயரோடு முதலில் இடம்பெற்றது. அதன் இருப்பிடமாகக் குறிக்கப்பட்ட ஊர் தரங்கம்பாடி. அக்காலத்தில் அது டேனியரின் துறைமுகம். அங்கிருந்த சமயப் பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரையின் மீன்களைத் திரட்டிப் புளோக்குக்கு அனுப்பிவந்தவர். 'கெலாமா' என்று நம் சந்தையில் விற்கும் மீன்களுள் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று புளோக் 1793-இல் பெயரிட்டது இவரைப் போற்றித்தான். அறிஞர் மூவரின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. கரையில் நின்று மீனுக்குப் பெயர் சொன்ன மீனவரின் மொழியோ மீனின் மேலேயே நிற்கிறது.

பெயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். கிரேக்கச் சொற்களால் அமைந்த சைனோகுளோசஸ் என்னும் பேரினப் பெயருக்கு நாய் நாக்கு என்று பொருள். ஆங்கிலேயர் இவ்வகை மீன்களைச் 'சோல்' என்கின்றனர். அதன் வேர் செருப்பின் அடியைக் குறிக்கும் இலத்தீன் சொல். மலாய்க்காரர் நாக்கு என்றும், எருமை நாக்கு போன்றவற்றைச் 'செபெலா' என்றும் வழங்குவர். செபெலா என்றால் ஒரு பக்கம். இவ்வளவு பெயர்களுள்ளும் அறிவியலுக்கு மிக நெருங்கியது இந்த மலாய்ப் பெயரே என்பது நம் கருத்து. ஏனெனில் இம்மீனின் வாழ்க்கைக் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இரு கண்ணும் ஒரு பக்கம்.

ஆனால் பிறக்கும்போது அப்படி இல்லை. தட்டைமீனின் முட்டை கடலின் அடியில் கிடப்பதன்று, நீரில் மிதப்பது. வெளிவரும் நுண்குஞ்சு மற்ற மீன்குஞ்சுகளைப் போலவே நிமிர்ந்து நீந்துகிறது. வலப்புறம் ஒரு கண், இடப்புறம் ஒரு கண். நீரோட்டம் கொண்டுசெல்லும் திசையில் சென்று, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்று சில வாரங்கள் அது வாழ்கிறது. பிறகு உருமாற்றம் தொடங்குகிறது. தைராய்டு சுரப்பியின் நீர் உடலில் மிகும்போது, ஒரு பக்கத்துக் கண் மெல்ல மெல்ல மேலேறி, தலையின் உச்சியைக் கடந்து மறுபக்கத்துக் கண்ணுக்கு அருகில் வந்து அமைகிறது. மண்டையோட்டு எலும்பே அதற்கேற்ப முறுக்கிக்கொள்கிறது. அடியில் அமையும் பக்கம் வெளிறுகிறது. மேற்பக்கம் சேற்றின் நிறமோ மணலின் நிறமோ கொள்கிறது. இது முடியும் தறுவாயில் மீன் கடலடிக்கு இறங்கி, ஒருக்களித்துப் படுத்துவிடுகிறது. தவளைக்குஞ்சு தவளையாவதை நாம் பாடநூலில் படம் வரைந்து கற்பிக்கிறோம். அதற்குச் சற்றும் குறையாத வியப்பு நம் சந்தைக் கூடையில் கிடக்கிறது.

இந்தக் கண்ணின் பயணம் ஒரு காலத்தில் பெரிய வழக்காகவே நடந்தது. பாதித் தொலைவு நகர்ந்த கண்ணால் மீனுக்கு என்ன பயன், பயனில்லாதது எப்படிப் படிப்படியாக உருவாகும் என்று மைவார்ட் என்பவர் டார்வினை வினவினார். டார்வின் தம் உயிரினத் தோற்ற நூலின் ஆறாம் பதிப்பில், 1872-இல், இதற்கு விடைகூற முயன்றார். உறுதியான சான்று வந்தது 2008-இல். இத்தாலியின் மோண்டே போல்கா என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையுடைய புதைபடிவ மீன்களை ஆராய்ந்த மாட் ஃபிரீட்மன், வளர்ந்து முதிர்ந்த மீனிலும் கண் பாதி வழியிலேயே நிற்பதைக் காட்டினார். நம் எருமை நாக்கு அந்தப் பழைய நிலைக்கு மிக நெருங்கிய உறவு. அதன் மேற்கண் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. முதுகுத்துடுப்பு தலைமேல் ஏறுவதில்லை. தலைக்குப் பின்னரே தொடங்குகிறது. பெரிய வாயும் கூரிய பற்களும் கொண்டு மற்ற மீன்களை வேட்டையாடி உண்கிறது. சில மீன்களுக்குக் கண்கள் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். நாக்கு மீன்களிலோ இரு கண்ணும் இடப்பக்கத்திலேயே அமையும், வாய் சிறிது, சேற்றில் உள்ள புழுக்களும் சிற்றுயிர்களும் உணவு. மூதாட்டி "பல்லோட ஒண்ணு" என்றாரே, அது விலங்கியலார் இவ்விரண்டையும் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்று.

இனி நாம் பேச வந்த பொருளின் நடுவுக்கு வருவோம். தட்டைமீனுக்கு ஒரே வீடு இல்லை. முட்டைக்கும் நுண்குஞ்சுக்கும் வீடு, திறந்த நீர். உருமாறி இறங்கிய குஞ்சுக்கு வீடு, பெரும்பாலும் கரையோரத்து ஆழங்குறைந்த சேறும் மணலும். வளர்ந்த மீன் ஆழம் நாடிச் செல்கிறது. வகைக்கு வகை தொலைவும் காலமும் வேறுபடும். வரிசை பெரும்பாலும் இதுதான். ஆகவே இம்மீனைக் காக்க விரும்பும் ஒருவர் எந்த இடத்தைக் காப்பது, எந்த வயதைக் காப்பது என்று முதலில் கேட்டாக வேண்டும். மீன்பிடிச் சட்டங்களோ பெரும்பாலும் கடலின் மேல் ஒரு கோட்டை இட்டுவிட்டு நின்றுகொள்கின்றன. மீன் அக்கோட்டைக் கடந்து போகிறது. கோடு அதன் பின்னே போவதில்லை.

நம் கரையையே பாருங்கள். ஜெராமில் நீர் வற்றும்போது கடல் எங்கே போயிற்று என்று தேடும் அளவுக்குச் சேற்றுவெளி விரிகிறது. வடக்கே சிலாங்கூர் ஆறு கலக்கிறது. கரைநெடுகிலும் பாக்காவ் மரக்காடு ஒரு விளிம்பாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் 'ஸ்கை மிரர்' சென்று படமெடுத்துக்கொண்ட மாணவர் இங்குப் பலர் இருப்பீர்கள். சாசாரான் கரைக்கு அப்பால் நீர் வற்றும் நாள்களில் தலைகாட்டும் அத்திட்டில் நின்று வானத்தின் நிழலைப் பார்த்தோம். காலடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தோமில்லை. அத்தகைய ஆழங்குறைந்த திட்டுகளும் சேற்றுவெளிகளும்தாம் இளம் தட்டைமீன்களும் இறால்களும் வளரும் தொட்டில்.

மலாக்கா நீரிணையின் இக்கரையில் 1960-களின் நடுவில் இழுவலைப் படகுகள் பெருகின. இழுவலை என்பது கடலடியைத் தடவிச் செல்லும் பை. அதன் வாய் திறந்திருக்கும். பின்முனையில் உள்ள மடியில் மீன் திரளும். அடியில் படுத்திருக்கும் மீனுக்கு இதனிடமிருந்து தப்புதல் அரிது. தட்டைமீன் படுத்தே வாழ்வது. கரையோரத்தில் சிறு வலை விரித்து வாழ்ந்தோர்க்கும் இழுவலையார்க்கும் பகை மூண்டது. படகுகள் எரிந்தன, மூழ்கின. 1964 முதல் 1976 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர் உயிரிழந்தனர். மீன்வள மேலாண்மை என்றால் ஏதோ அலுவலகத்துத் தாள்வேலை என்று எண்ணுவோர் இந்த எண்ணிக்கையை நினைவில் கொள்ளல் நலம்.

அதன் விளைவாகவே கடலில் கோடு இடப்பட்டது. 1981-இல் வந்த உரிமக் கொள்கை, கரையிலிருந்து 5 கடல் மைல் வரையுள்ள நீரைச் சிறு மீனவர்க்கென ஒதுக்கியது. அதற்கு அப்பால் 12 மைல் வரை ஒரு மண்டலம், 30 மைல் வரை மற்றொன்று, அதற்கும் அப்பால் பெரிய கலங்களுக்கு என வகுத்தனர். பிற்காலத்தில் இவ்வெல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோதும் கருத்து மாறவில்லை. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் இவ்வமைப்புக்கு அடித்தளமாக நிற்கிறது. இழுவலை மடியின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும் விதி.

இக்கோடு பிறந்தது மீனுக்காக அன்று, மனிதருக்கு இடையே அமைதி வேண்டி. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. உயிர்ச்சேதத்தை நிறுத்திய எந்த விதியும் நல்ல விதியே. தொட்டில்நீர் இதனால் ஓரளவு காக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் தொட்டிலை விட்டு வெளியேறும் குஞ்சு கோட்டைத் தாண்டும்போது இன்னும் சிறிதாகவே இருக்கிறது. அங்கே அதை எதிர்கொள்வது 38 மில்லிமீட்டர் கண்.

இந்த 38 மில்லிமீட்டர் என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். கண்ணை இழுத்துப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கும் அளவு இது. அப்படியானால் ஒரு பக்கத்தின் நீளம் 19 மில்லிமீட்டர்தான். மடியில் மீன் நிறைந்து பாரம் ஏற ஏற வலை இழுபட்டு, சாய்சதுரமான கண்கள் ஒடுங்கிக் கோடாகிவிடும். ஒடிசலான நாக்கு மீன்குஞ்சு நழுவி வெளியேற வாய்ப்புண்டு. அகன்ற உடலுடைய எருமை நாக்கின் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே கண், இரு மீன், இரு விதி. எல்லா மீனுக்கும் ஒரே அளவுள்ள கண் என்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுள்ள சட்டை தைத்ததைப் போன்றது.

அப்படி மடியில் மாட்டிய குஞ்சுகள் எங்கே போகின்றன? விற்பனைக்கு உதவாத சிறுமீன் குவியலுக்கு இந்நாட்டில் 'ஈக்கான் பாஜா' என்று பெயர். பாஜா என்றால் உரம் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. பாஜா போடும் வேலைக்குப் போகாத குடும்பம் எது? அக்குவியலில் உண்மையிலேயே உரத்துக்கும் தீவனத்துக்கும் அன்றி வேறெதற்கும் உதவாத மீன்களும் உண்டு. வளர்ந்திருந்தால் நல்ல விலை பெற்றிருக்கக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் உண்டு. ஒரு சிறு கணக்கு. உருவம் மாறாமல் ஒரு மீனின் நீளம் இரட்டித்தால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். 10 சென்டிமீட்டர் எருமை நாக்கு எட்டினைத் திரட்டினால்தான் 20 சென்டிமீட்டர் மீன் ஒன்றின் எடை வரும். எட்டையும் தீவன விலைக்குக் கொடுத்துவிட்டு, பெரிய மீன் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை என்று நாமே வருந்துகிறோம். எடை இழப்பு ஒருபுறம். சினை பிடிக்கும் வயதை எட்டுமுன் பிடிபட்ட மீன் அடுத்த தலைமுறையை விட்டுச்செல்வதே இல்லை என்பது மறுபுறம். முதலாவது நட்டம், இரண்டாவது அழிவு. மேலாண்மை நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவதன் காரணம் இதுதான்.

ஒரு மீனின் வாழ்வை முழுமையாக அறிந்து விதி வகுத்த இடம் உண்டா? முழுமையாக என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அறியும் முயற்சியில் நமக்கு மிக அருகில் நிற்பது கேரளக் கரை. அங்கே 'மாந்தள்' என்று வழங்கும் மலபார் நாக்கு மீன் ஒரு சாண் நீளத்தையும் எட்டாதது. ஆனால் கோழிக்கோட்டுப் பக்கத்து ஏழை மீனவரின் அடுப்பை எரியவைப்பது. நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பெற்று, 1949 முதல் பல்லாண்டு நம் இராமநாதபுரத்து மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971-இல்தான் கொச்சிக்கு மாறியது. அந்நிலையத்தைச் சேர்ந்த சேஷப்பா, பீமாச்சார் ஆகிய இருவரும் இம்மீனை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1955-இல் விரிவான ஆய்வை வெளியிட்டனர்.

அவர்கள் எதிர்கொண்ட முதல் வினா எளியது: இந்த மீனுக்கு வயது என்ன? குளிர்நாட்டு மீன்களுக்கு விடை செதிலில் இருக்கிறது. குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாகிச் செதிலில் நெருங்கிய வளையம் விழும். மரத்தின் வளையங்களை எண்ணுவது போல எண்ணிக்கொள்ளலாம். குளிர்காலமே இல்லாத வெப்பக் கடலில் வளையம் எப்படி விழும்? விழாது என்றே பலர் கருதியிருந்தனர். மலபார் நாக்கு மீனின் செதிலிலோ வளையம் இருந்தது. அதை உண்டாக்கியது பனியன்று, தென்மேற்குப் பருவமழை. மழைக்காலத்தில் கடலடி கலங்கி, உணவு குன்றி, மீன் வாடும் மாதங்கள் செதிலில் பதிந்துவிடுகின்றன. பட்டினியின் தழும்பே வயதின் கணக்காயிற்று.

வயது தெரிந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கின. மழைக்காலத்தில் மீன் கரையை விட்டு ஆழத்துக்கு விலகுகிறது. மழை ஓய்ந்ததும், செப்டம்பர், அக்டோபரில் கூட்டங்கூட்டமாய்க் கரைக்கு வருகிறது. அதுவே பெரும் அறுவடைக் காலம். அதன் இனப்பெருக்கப் பருவமும் மழை ஓய்ந்த பின்னரே தொடங்குகிறது. வாழ்நாளோ மிகக் குறுகியது. மூன்றாம் ஆண்டைக் காண்பவை சிலவே. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டு வாழும் மீனுக்கு ஓராண்டுப் பிழையைப் பொறுக்கும் வலிமை உண்டு. இரண்டாண்டு வாழும் மீனுக்கு ஓராண்டு என்பது பாதி வாழ்வு.

கேரளம் 1988 முதல் பருவமழைக் காலத்தில் இழுவலையைத் தடைசெய்து வருகிறது. நெடுங்காலம் 47 நாளாக இருந்த தடை, 2018 முதல் 52 நாளாயிற்று. இத்தடை மலபார் நாக்கு மீனின் சினைப்பருவத்தைக் காப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அப்பருவம் தடை முடிந்த பின்னரே வருகிறது. தடையால் மீனுக்குக் கிடைப்பது வளர்வதற்குச் சில வாரம். அந்த இடைவெளியை உணர்ந்தோ என்னவோ, 2015-இல் கேரள அரசு சில மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வகுத்தபோது இச்சிறு மீனையும் பட்டியலில் சேர்த்து, 9 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கலாகாது என்றது. காலத்துக்கு ஒரு விதி, நீளத்துக்கு ஒரு விதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வாழ்வின் இரு பக்கமும் காக்கப்படும்.

அப்படியே பெயர்த்து ஜெராமுக்குக் கொண்டுவரலாமா என்றால், முடியாது என்பதே நம் விடை. நீரிணையில் அரபிக்கடலைப் போலப் பருவமழை கடலைத் தலைகீழாகப் புரட்டுவதில்லை. சுமத்திராவும் தீவக்கற்பமும் இருபுறமும் அணைத்து நிற்பதால் இது ஒரு நடைகூடம் போன்ற கடல். இங்குள்ள மீனின் பருவத்தை இங்கேதான் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதையும் சிலர் இங்கு எடுத்துக்காட்டுவர். வங்கக் கடலின் நாள்காட்டி அது, நம்முடையது அன்று.

இடத்தைக் காத்தும் ஏமாந்த கதை ஒன்று ஐரோப்பாவில் உண்டு. வடகடலில் பிளேஸ் என்னும் தட்டைமீன் மிகுதி. அதன் குஞ்சுகள் ஆலந்து, செருமனி, டென்மார்க்கு ஆகிய நாடுகளின் கரையோரத்துச் சேற்றுநீரில் வளர்வதை நன்கு ஆராய்ந்து, 1989-இல் அக்கரையோரம் ஒரு பெரும்பரப்பைப் 'பிளேஸ் பெட்டி' என வகுத்துப் பெரிய இழுவலைக் கலங்களைத் தடுத்தனர்; 1995 முதல் ஆண்டு முழுவதும் தடை. குஞ்சுகள் பெருகும் என எதிர்பார்த்தனர். நேர்ந்ததோ வேறு. கடல்நீர் வெப்பமடைய, குஞ்சுகள் முன்பைவிட இளவயதிலேயே குளிர்ந்த ஆழநீரை நாடிப் பெட்டியை விட்டு வெளியேறின. பெட்டி அங்கேயே இருந்தது; மீன் அங்கே இல்லை. அதே கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒடிசலான சோல் மீனைப் பிடிக்க ஏற்ற 80 மில்லிமீட்டர் கண்ணில், விற்கத் தகாத சிறு பிளேஸ் ஏராளமாகச் சிக்குகிறது. சற்றுமுன் நாக்கு மீனுக்கும் எருமை நாக்குக்கும் இடையே நாம் கண்ட அதே வழக்கு.

மாறாக, வடபசிபிக்கில் ஹாலிபட் என்னும் மாபெரும் தட்டைமீனுக்காகக் கனடாவும் அமெரிக்காவும் 1923-லேயே உடன்படிக்கை செய்துகொண்டு, ஒரு கூட்டு ஆணையத்தை நிறுவின. குளிர்காலத்தில் ஆழத்தில் இடப்படும் அதன் முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் நூற்றுக்கணக்கான மைல் ஒதுங்கிச் செல்கின்றன. வளர்ந்தவை எதிர்த்திசையில் திரும்பி வருகின்றன. ஒரு நாட்டின் முட்டை மறுநாட்டின் மீனாகிறது. 81 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹாலிபட்டை வணிக மீனவர் கரைசேர்க்கலாகாது என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்துவந்துள்ளது. குறுகிய நீரிணையின் இருகரையில் வாழும் நமக்கும் இந்தோனேசியர்க்கும் இதில் எண்ணிப் பார்க்க நிறைய உண்டு.

ஆக, ஜெராமுக்கு வேண்டியது என்ன? பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கப் போவதில்லை. அது மீன்வளத் துறையின் பணி. அத்துறை எந்த விதி செய்தாலும், எந்த மாதத்தில் எந்த நீளமுள்ள மீன் எந்த ஆழத்தில் கிடைக்கிறது என்னும் தகவல் வேண்டும். நம் சந்தையில் பல வகை நாக்கு மீன்கள் ஒரே கூடையில் ஒரே பெயரில் விற்கின்றன. பெயர் பிரியாதபோது கணக்கு பிரியாது. கணக்கு பிரியாதபோது ஒரு வகை தேய்ந்து மறைவதை இன்னொரு வகையின் பெருக்கம் மூடிவிடும். கூடை நிறைந்தே இருக்கும். உள்ளே ஓர் இனம் இல்லாமற் போயிருக்கும். மொழிக்காரர் இங்கே வந்து பேச வேண்டிய காரணம் இதுவே. அம்மூதாட்டி ஒரே மூச்சில் இரண்டாகப் பிரித்ததை அவருடைய பேரப்பிள்ளைகள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். குஞ்சுக்கு ஒரு பெயர், சினை மீனுக்கு ஒரு பெயர் என வயதுக்கேற்பப் பெயரிடும் வழக்கம் பல மீனவர் மொழிகளில் உண்டு. அப்படிப் பெயர் வைத்தவர்கள் மீனின் பருவத்தையும் கவனித்திருந்தார்கள்.

மற்றொன்று நிலத்தில் வாழும் நம்மைச் சார்ந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி போகோன்னியே என்பவரால் இதே கோல சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அன்றுமுதல் இம்மண்ணில் இட்ட உரமும், மழையில் கரைந்த மண்ணும், பாரிட் வழியே ஆற்றுக்கும் ஆற்றின் வழியே சேற்றுவெளிக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கரைகாக்க எழுப்பிய வரப்புக்கு உட்புறம் தோட்டம், வெளிப்புறம் பாக்காவ் காடு, அதற்கு அப்பால் தொட்டில். இழுவலைக்காரரைக் குறைசொல்வது நமக்கு எளிது, அவர் கடலில் இருக்கிறார். பாரிட் நம் வீட்டின் பின்புறம் ஓடுகிறது.

கோட்டுக்கு உட்பட்ட நீரில் மூவடுக்கு வலை விரிக்கும் சிறு மீனவரும் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வலையிலும் குஞ்சு சிக்குகிறது. ஆனால் அவர் பிடிப்பது உயிரோடு வருகிறது. எடுத்து விட்டால் பிழைக்கக்கூடும். நெடுநேரம் மடியில் நசுங்கி வந்த குஞ்சை விட்டாலும் பயன் குறைவு. விதியின் சுமையைப் பகிரும்போது இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும் என்பது நம் துணிபு. இதில் மாறுபடுவோர் இவ்வவையிலேயே இருக்கலாம்; பின்னர்ப் பேசுவோம்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே சந்தையில், இருபது தட்டைமீனை அளவுகோலால் அளந்து ஓர் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். மூக்கு முனையிலிருந்து வால் முனை வரை. கண் எப்பக்கம், பல் உண்டா இல்லையா, சினை உண்டா இல்லையா. விற்பவரிடம் முதலில் இசைவு கேட்க வேண்டும். மீனை வெயிலில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தால் அவர் சினம் கொள்வது முறையே. மூன்றாண்டு தொடர்ந்து எழுதிய ஏடு ஒன்று நம் பள்ளிகளுள் ஒன்றில் இருந்தால் அதைக் கேட்டு வாங்க ஆய்வாளர் வருவர்.

இன்று காலை ஜெராமில் வாங்கிய இரண்டு மீன்கள் இம்மேசையின் கீழ்ப் பனிக்கட்டிப் பெட்டியில் உள்ளன. ஒன்று நாக்கு மீன். மற்றது எருமை நாக்கு, முழங்கை நீளத்தில் பாதிதான், பெரியது கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் மாணவர் வரிசையாக வந்து பார்க்கலாம். எருமை நாக்கின் மேற்கண் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். வாயைத் திறப்போர் விரலைக் கவனித்துக்கொள்ளவும். செத்த பின்னும் அந்தப் பல் கூரியதே.